விதைக்குள் நோய் எங்கே இருக்கிறது?

இரண்டு இலை விடுவதற்குள் நாற்றில் தேமல் (இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமான திட்டு) தெரிந்தால் முதலில் விதையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பூச்சி வருவதற்கு முன்பே வந்துவிட்ட நோய் அது. ஆனால் 'விதைவழி நோய்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் பூசி விதைப்பதே பரவலாக நடக்கிறது. பூஞ்சைக்கொல்லியில் புரட்டிய பீன்ஸ் விதையிலிருந்து தேமல் நாற்று வரும். பல நாள் வெயிலில் காயவைத்த தக்காளி விதையிலிருந்தும் வைரஸ் வரும். மருந்து ஓரிடத்தில், கிருமி வேறிடத்தில் என்பதுதான் காரணம்.

விதைக்கு வெளியே உறை இருக்கிறது, அதற்குள் நாற்றுக்கான உணவைச் சேர்த்து வைக்கும் தசை, நடுவில் கரு. உறை முழுக்கத் தாய்ச்செடியின் திசு. கருவில் தாயின் பங்கும் மகரந்தம் கொண்டுவரும் பங்கும் சேர்ந்திருக்கின்றன. அதனால் தாய்க்கு நோய் இருந்தும் கரு சுத்தமாக இருக்கலாம். தாய் முழு ஆரோக்கியமாக இருந்தும் கருவில் நோய் இருக்கலாம். கிருமி இருக்கும் இடமும் அது உள்ளே போன வழியும் தெரிந்தால்தான் விதையைக் கழுவுவதா, சூடேற்றுவதா, குப்பையில் போடுவதா என்று முடிவெடுக்க முடியும்.

உறையில் ஒட்டியிருப்பவை

தக்காளித் தேமல் வைரஸ், மிளகாயைத் தாக்கும் தேமல் வைரஸ், வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ், 2014இல் இஸ்ரேலில் முதலில் தென்பட்ட ரூகோஸ் வைரஸ் எல்லாம் ஒரே குடும்பம். ரூகோஸ் வைரஸ் தக்காளிப் பழத்தில் பழுப்புச் சொரசொரப்பை உண்டாக்குகிறது. தேமலைத் தடுக்கப் பல ஆண்டுகளாக நம்பியிருந்த டிஎம்-2² என்ற எதிர்ப்பு மரபணுவையும் தாண்டிவிடுகிறது. வெள்ளரி வைரஸ் 2014இல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் தர்பூசணி வயல்களில் புகுந்து பெரிய இழப்பை உண்டாக்கியது.

தக்காளியில் இந்த வைரஸ்கள் பெரும்பாலும் உறையிலேயே நிற்கும். சில விதைகளில் சேமிப்புத் தசைக்குள்ளும் போகும். கருவில் காணப்படுவதில்லை. பிறகு நாற்றுக்கு எப்படி வருகிறது? முளைத்து வரும்போது காய்ந்த உறை வித்திலையின் (விதைக்குள்ளிருந்து முதலில் வரும் இலை) நுனியில் ஒட்டிக்கொண்டே மேலே வரும். நாற்றைப் பிடுங்கி மாற்றி நடும்போது விரல் அந்த உறையைத் தொடுகிறது. அதே விரல் தண்டின் மெல்லிய ரோமங்களை முறிக்கிறது, வேர்நுனியும் அறுபடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயம் போதும். எனவே இந்த வகை நோய்க்கு முதல் தடுப்பு மருந்தல்ல, நாற்று விடும் முறை. பாத்தியில் நெருக்கி விதைத்துப் பிடுங்கி நடுவதைவிட, குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போட்டு, வேர்க்கட்டியோடு அப்படியே வயலுக்குக் கொண்டுபோவது பல மடங்கு பாதுகாப்பு. ஒட்டியிருக்கும் உறையைக் கையால் இழுத்து எடுக்கவே கூடாது. முளைக்கும் நாட்களில் மேல்மண்ணைக் காயவிடாமல் வைத்தால் பெரும்பாலான உறைகள் தாமாகவே கழன்றுவிடும்.

விதையிலிருந்து நாற்றுக்கு வருவது மிகக் குறைந்த விகிதம்தான். ஆனால் ஒரு ஹெக்டேரில் 25,000 தக்காளிச் செடி நட்டால், ஆயிரத்துக்கு ஒன்று என்பது 25 நோய்ச்செடி. பக்கக்கிளை கிள்ளும் கை, கொடி கட்டும் கயிறு, கத்தரி, சட்டை முனை எல்லாம் அந்த 25 செடியிலிருந்து வரிசை வரிசையாகக் கொண்டுபோகும். இங்கே பலரும் ஏமாறுவது ஆல்கஹாலில். பாக்டீரியாவுக்கு அது வேலை செய்யும். இந்த வைரஸ் குடும்பத்துக்கு எதிராக நம்ப முடியாது. கொழுப்பு நீக்கிய பால்பவுடரை லிட்டருக்கு 200 கிராம் கரைத்து, அதில் கையையும் கத்தரியையும் செடிக்குச் செடி நனைத்து வேலை செய்ய வேண்டும். பால் வைரஸை அழிக்காது, அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தொற்றவிடாமல் தடுக்கும். அதனால் வேலை முடிந்ததும் கருவிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச் கரைசலில் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

கருவுக்குள் போனவை

பீன்ஸ் பொதுத் தேமல் வைரஸ் வேறு ரகம். அது கருவுக்குள்ளேயே இருக்கிறது. உறையைக் கழுவினாலும் சுரண்டினாலும் பயனில்லை. வைரஸைக் கொல்லும் அளவுக்குச் சூடேற்றினால் கருவும் செத்துப்போகும். ஒரே காய்க்குள் ஒரு விதை சுத்தமாகவும் பக்கத்து விதை நோயோடும் இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 'நல்ல திரட்சியான விதையாகப் பொறுக்கி வைத்தேன்' என்பது இங்கே எந்த உத்தரவாதமும் தராது.

செய்யக்கூடியது ஒன்றுதான், ஆனால் அது உறுதியாக வேலை செய்யும். செடி பூப்பதற்கு முன் நோய் வாங்கியிருந்தால்தான் விதைக்குள் வைரஸ் கணிசமாகப் போகும். பூத்த பிறகு வாங்கினால் விதைக்குப் போவது அபூர்வம். எனவே விதைக்காக விடும் பீன்ஸ் வரிசையில் முதல் ஜோடி இலையிலிருந்து முதல் மொட்டு வரை வாரம் இருமுறை நடந்து பார்த்து, சந்தேகப்பட்ட செடியை வேரோடு எடுத்துவிட வேண்டும். இலை குறுகி, நரம்பை ஒட்டிக் கரும்பச்சையாகவும் இடையில் வெளிர்பச்சையாகவும், ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, உடம்பின் நிழல் செடிமேல் விழ நின்று பார்த்தால் தேமல் நன்றாகத் தெரியும். நேர்வெயிலில் கூசி மறைந்துவிடும். காய்க்கும் காலத்தில் போய்க் களைவது கண்ணுக்கு ஆறுதல், விதைக்கு அல்ல.

லெட்யூஸ் கீரையின் தேமல் வைரஸும் விதைக்குள் போவதுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், சோதித்த 30,000 விதையில் ஒன்றில்கூட அந்த வைரஸ் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை வைத்துத்தான் நோயை அடக்கினார்கள். ஆயிரத்தில் ஒன்று என்பது கேட்பதற்குச் சின்னதாகத் தெரிகிறது. அந்த ஒரு செடியில் அசுவினி உட்கார்ந்து எழுந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

பூ என்னும் வாசல்

மகரந்தத்தின் பங்கைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. அது ஒரே மாதிரியாக வேலை செய்வதும் இல்லை.

நோய்ச்செடியின் மகரந்தத்துக்குள் வைரஸ் இருந்தால், மகரந்தக் குழாய் சூலுக்குள் இறங்கும்போது வைரஸும் இறங்கிக் கருவில் சேர்கிறது. தாய்ச்செடி கடைசிவரை பச்சைப்பசேல் என்று நிற்கும், அதன் விதையில் மட்டும் நோய் இருக்கும். பீன்ஸ் பொதுத் தேமலும் லெட்யூஸ் தேமலும் இந்த வழியிலும் போகக்கூடியவை. இரண்டும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர் என்பதால் வயலில் இது குறைவுதான். இரண்டு ரகங்களைக் கையால் கலப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஆண் செடி சுத்தமா என்று பார்க்காமல் கலந்தால், பெண் செடியை எவ்வளவு காப்பாற்றியும் பயனில்லை.

தக்காளித் தேமல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை மகரந்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். பசுமைக்குடிலில் தக்காளிக்கு விடும் பம்பிள் தேனீ, மகரந்தக் கூம்பைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பிறகு பார்த்தால் மஞ்சள் கூம்பில் பழுப்பான கடித்தடம் இருக்கும். மகரந்தச்சேர்க்கை நடந்ததற்கு அடையாளமாகக் குடில் வேலையாட்கள் அதைத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கடித்தடம் ஒரு காயமும்கூட. முந்தின பூவின் வைரஸ் அதில் படிந்தால் செடி முழுவதற்கும் தொற்றும். ரூகோஸ் வைரஸைப் பம்பிள் தேனீயும் வெள்ளரிப் பச்சைத் தேமலைத் தேனீயும் கொண்டுபோவது உறுதியாகியிருக்கிறது. நோய் கண்ட குடிலின் தேனீப்பெட்டியை வேறு குடிலுக்கு மாற்றவே கூடாது.

மூன்றாவது வழியில் மகரந்தம் பூவுக்கே போகவேண்டியதில்லை. புகையிலைக் கீற்று வைரஸ் பார்த்தீனியக் களையில் வெளியே எதுவும் காட்டாமல் இருக்கும். அதன் மகரந்தம் காற்றில் பறந்து பயிரின் இலையில் படிகிறது. இலைப்பேன் உடம்பிலும் ஒட்டிவருகிறது. இலைப்பேன் இலையைச் சுரண்டி உறிஞ்சும்போது மகரந்தமும் நசுங்கி, உள்ளிருக்கும் வைரஸ் அந்தக் காயத்துக்குள் போகிறது. 2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தப்பூரில் நிலக்கடலையை அழித்த தண்டுக்கருகல் இப்படிப் பரவியதுதான். இதே வைரஸ் வெண்டையையும் வெள்ளரிக் குடும்பத்தையும் தாக்கும். இலைப்பேனுக்கு மருந்து அடித்துக்கொண்டே வரப்பில் பூத்த பார்த்தீனியத்தை விட்டுவைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. களையைப் பூக்கும் முன் எடுக்க வேண்டும். பூத்த பிறகு வெட்டி வரப்பிலேயே போட்டாலும் மகரந்தம் பறக்கும்.

பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் பூ இன்னொரு விதத்தில் வாசல். தர்பூசணியின் காய்க்கருகலை உண்டாக்கும் பாக்டீரியா சூல்முடியில் விழுந்தால், மகரந்தக் குழாய் போகும் பாதையிலேயே உள்ளே இறங்கி விதைக்குச் சேரும். காயின் தோலில் ஒரு புள்ளியும் இருக்காது. அறுத்தால் சதை நன்றாகவே இருக்கும். விதையில் பாக்டீரியா இருக்கும். அதனால்தான் 'பழம் அழகாக இருந்தது, விதை எடுத்தேன்' என்பதை வெள்ளரிக் குடும்பத்தில் நம்பவே முடியாது. வெள்ளரியில் பிசின் தண்டுக்கருகல் பூஞ்சையும் சூல்முடி வழியே நுழையும். பூ இருந்த முனை கூம்பிப்போய், உள்ளே கறுத்து அழுகும். குடைமிளகாயில் ஒரு வகை ஃபியூசேரியம் பூஞ்சை பூவில் நுழைந்து, காய் பறித்து அடுக்கிய பிறகுதான் உள்ளழுகலாக வெளிப்படும். பூக்கும் நேரத்தில் மேலிருந்து தண்ணீர் தெளிப்பது இந்த மூன்றுக்கும் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். விதைக்கு விடும் கொடிக்குச் சொட்டுநீர்தான் சரி.

கலப்பின விதை உற்பத்தியில் பெரிய ஆபத்து, ஆண் செடிகளின் மகரந்தத்தை எல்லாம் ஒரே குப்பியில் சேர்ப்பது. நூறு செடியில் ஒன்று நோயாக இருந்தாலும் அன்றைய சேர்க்கை முழுவதும் அந்த நோயோடு போகிறது. ஆண் வரிசைகளைப் பூப்பதற்கு முன்பே சோதனைப் பட்டையால் சோதிக்க வேண்டும். மகரந்தத்தைச் சிறு தொகுப்புகளாக வைத்து, எந்தத் தொகுப்பு எந்த வரிசைக்குப் போனது என்று குறித்தால் பின்னால் பிரச்சினை வரும்போது முழுவதையும் தூக்கி எறிய வேண்டியிருக்காது. மகரந்தத்தாள் நீக்கும் இடுக்கியைச் செடிக்குச் செடி கிருமிநீக்க வேண்டும். ரகத் தூய்மைக்கான இடைவெளி தூரம் நோயைத் தடுக்கும் தூரம் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். தேனீ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும்.

வயலில் எப்படிக் கண்டுபிடிப்பது

நோய் எங்கிருந்து வந்தது என்று அது பரவியிருக்கும் வடிவமே ஓரளவு சொல்லிவிடும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் வயல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனிச் செடி தெரிந்தால் விதை. வரப்போரத்தில் தொடங்கி உள்ளே வந்தால் பூச்சி. வேலை செய்த திசையில் வரிசையாக நீண்டால் கை அல்லது கருவி. நாற்றங்காலில் ஒரு தட்டில் வட்டமாக இருந்தால் தண்ணீர்த் தெறிப்பு. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலை வெள்ளை ஈயும், தக்காளிப் புள்ளி வாடலை இலைப்பேனும் கொண்டுவருகின்றன. அவற்றுக்கு விதையைத் திட்டிக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும்.

நாற்றில் பார்க்கவேண்டிய இடம் பயிருக்குப் பயிர் வேறு. தர்பூசணியில் வித்திலையின் அடிப்பக்கத்தைக் காலை ஈரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்: எண்ணெய் பட்ட தாள்போல நீர்கோத்த திட்டு, பிறகு நரம்பை ஒட்டிக் கறுக்கும். முட்டைக்கோஸின் கருப்பு அழுகலில் வித்திலை ஓரம் கறுத்து, சுருங்கி, உதிர்ந்துவிடும். அதோடு அடையாளமும் போய்விடுகிறது, நாற்று தெளிந்ததுபோல் நிற்கும். வாரங்கள் கழித்து இலை ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கிக் கூம்பிய மஞ்சள் திட்டாக மறுபடி வரும். ஆகவே முட்டைக்கோஸ் நாற்றை முதல் இரண்டு வாரத்தில் பார்க்காதவர் அதைப் பார்க்கவே இல்லை. பீன்ஸின் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சைநோய் வித்திலையில் குழிவிழுந்த பழுப்புப் புண்ணாகத் தெரியும். நோய் நாற்று கண்ட இடத்தில் அதை மட்டும் எடுக்காமல் சுற்றியிருப்பவற்றையும் எடுக்க வேண்டும்; தர்பூசணி என்றால் தட்டையே அப்புறப்படுத்துங்கள்.

விதைநேர்த்தி: எதற்கு எது

வெந்நீர் நேர்த்தி உறைக்குள்ளும் அடியிலும் இருக்கும் பாக்டீரியா, பூஞ்சைகளுக்கு நல்ல வழி. தக்காளி, கத்தரி, முட்டைக்கோஸ்: 50 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். காலிஃபிளவர், புரோக்கோலி, கேரட்: 50 டிகிரியில் 20 நிமிடம். மிளகாய்: 51.5 டிகிரியில் 30 நிமிடம். லெட்யூஸ், செலரி: 48 டிகிரியில் 30 நிமிடம். பீன்ஸ், பட்டாணி, வெள்ளரிக் குடும்பம், மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு வேண்டாம். விதை வெடிக்கும் அல்லது முளைப்பு போய்விடும்.

மெல்லிய துணிப்பையில் பாதி மட்டும் விதை நிரப்பி, மூழ்க ஒரு எடையும் போட்டு, முதலில் 38 டிகிரி நீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் விதையின் குளிர்ச்சி வெந்நீரின் சூட்டை இறக்கிவிடும். பிறகு குறித்த வெப்பநிலை நீரில் அமுக்கி, நிமிடக் கணக்கை அப்போதிருந்து தொடங்கிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் 5 நிமிடம் குளிர்ந்த நீர், உடனே நிழலில் பரப்பிக் காயவைத்தல். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும்: கைப்பிடி விதைக்கு 10 லிட்டர் தண்ணீர் அதிகமல்ல. வெப்பமானியை நம்பும் முன் ஐஸ் கரையும் நீரில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். சூடு குறைந்தால் முட்டைக்கோஸின் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளலாம், கூடினால் விதையின் முளைப்பு போகலாம். பழைய விதை, மருந்து பூசிய விதை, உருண்டையாக்கிய விதை, ஒருமுறை நேர்த்தி செய்த விதை எதையும் இதில் போட வேண்டாம். முதலில் 50 விதையை நேர்த்தி செய்து, செய்யாத 50 விதையோடு ஈரத்தாளில் முளைக்கவைத்து ஒப்பிட்ட பிறகே மொத்தத்துக்குப் போக வேண்டும். நேர்த்தி செய்ததை அந்தப் பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

தக்காளி, மிளகாய்த் தேமலுக்கு டிரைசோடியம் பாஸ்பேட் 10 சதவீதக் கரைசல்: லிட்டருக்கு 100 கிராம், 15 நிமிடம் ஊறல், பிறகு ஓடும் நீரில் பொறுமையாக அலசல். கடும் காரம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இது உறையின் வெளிப்புறத்தைச் சுத்தமாக்கும், உள்ளே போனதைத் தொடாது. உள்ளே போனதற்கு உலர்வெப்பம் உண்டு: 35 டிகிரியில் ஒரு நாள், 50 டிகிரியில் ஒரு நாள் எனப் படிப்படியாக ஈரத்தை இறக்கி, 72 டிகிரியில் மூன்று நாள். ஈரமுள்ள விதையை நேரே 72க்குக் கொண்டுபோனால் வெந்துவிடும். வீட்டு அவன் சூடு ஏறி இறங்கும், அதில் முயல வேண்டாம்.

தர்பூசணி விதையைப் பழத்திலிருந்து எடுத்த ஈரத்திலேயே 1600 பிபிஎம் பெராக்சி அசெட்டிக் அமிலத்தில் 30 நிமிடம் வைத்து உடனே உலர்த்துவது பலன் தருகிறது. காய்ந்த பிறகு செய்தால் அந்த அளவு பலன் இல்லை. எந்த நேர்த்தியிலும் பிளீச்சையும் அமிலத்தையும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை, மண்ணிலிருக்கும் அழுகல் பூஞ்சையிடமிருந்து நாற்றைக் காக்கும். நல்லதுதான், ஆனால் வைரஸுக்கு அது பதில் அல்ல.

ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுப்பவர்கள் எண்ணிக்கையைப் பாருங்கள். நூற்றில் ஒரு விதை நோயாக இருந்தால் அதைப் பிடிக்க 300 விதை சோதித்தால் 95 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரத்தில் ஒன்று என்றால் 3,000 விதை வேண்டும். 100 விதையைச் சோதித்து 'நோயில்லை' என்று வரும் சீட்டு பெரிதாக எதையும் சொல்வதில்லை. வைரஸ் சோதனை உயிருள்ளதையும் செயலிழந்ததையும் பிரித்துக் காட்டாது என்பதால், நேர்த்தி செய்த விதையில் சோதனை 'உண்டு' என்று சொன்னால் நாற்று விட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இவ்வளவு எண்ணிக்கையைச் சோதிக்க முடியாத சிறு அளவில் விதை சேர்ப்பவர்கள், பூப்பதற்கு முன்பே ஆரோக்கியமான செடிகளுக்கு நாடா கட்டிவிட வேண்டும். பழுத்த பிறகு பழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட இதுவே மேல். ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையும் தனிப்பொட்டலமாக, எண்ணோடு இருக்கட்டும். அடுத்த பருவத்தில் 7ஆம் எண் நாற்றுகளில் தேமல் வந்தால் 7ஐ மட்டும் எரித்துவிடலாம். ஒன்றாகக் கலந்திருந்தால் ரகமே போய்விடும். பிறரிடம் வாங்கிய புது விதையை முதல் பருவம் தனி மூலையில் வளர்த்து, அன்றைய வேலையில் கடைசியாகத் தொட வேண்டும். விதை வைத்திருந்த துணிப்பையைக் கொதிக்கவைத்துத் துவைக்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள். தக்காளித் தேமல் வைரஸ் அந்த உறைத்தூளிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும், நேர்த்தி செய்த புது விதையை அதில் கொட்டினால் செய்த வேலை அத்தனையும் அந்தப் பையிலேயே போய்விடும்.